றொஜரின் பேரில் கிடந்த கோப்பு

பலெர்மோவில் உள்ள தமிழ் ஆட்களின் போன்களைப் பார்த்தால் பாதிப் பேரிடம் "கதையுங்கோ" இருக்கும். அது ஒரு சின்னச் செயலி. வீட்டு வேலைக்கும் வயதானவர்களைப் பார்க்கவும் போகிறவர்களுக்குத் தேவையான இத்தாலியச் சொற்கள் அதில் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தொட்டால் இத்தாலியத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லும். விலை கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தி அனுப்பலாம். அதைச் செய்தவர்கள் அமலினியும் அவளுடைய கணவன் றொஜரும். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது அமலினி மட்டும்தான்.

அமலினி பேசாலை என்ற கடலோர ஊரில் பிறந்தவள். ஒன்பது வயதில் தாயோடு பலெர்மோவுக்கு வந்தாள். தகப்பன் அதற்கு முன்பே வந்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையின் குசினியில் சமையலுக்கு நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வந்தது. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள். தகப்பனுக்கு முதுகு போய்விட்டது, வீட்டில் இன்னொரு சம்பளம் தேவைப்பட்டது, காரணம் அவ்வளவுதான். அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. பிறகு தாய்க்குத் தொழிற்சாலை வேலை கிடைத்து, தாயும் தகப்பனும் வடக்கே ரெஜ்ஜோ எமிலியாவுக்குப் போனார்கள். அமலினி றொஜரைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாள்.

அவள் செய்வது சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடும் அறைகளைத் துப்பரவு செய்கிற வேலை. வியா மக்குவேதா என்ற தெருவைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் மூன்றாம் மாடி, நான்காம் மாடி. ஒரு கூட்டம் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்க, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் படுக்கை விரிப்பு, துவாய், குளியலறை, குப்பை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மதியம் கழிந்து வீட்டுக்கு வருவாள். குளித்துவிட்டு மடிகணினியைத் திறப்பாள். யாராவது "இந்தச் சொல்லைச் சேருங்கோ" என்று எழுதியிருப்பார்கள். சேர்ப்பாள்.

றொஜர் ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. டோர்ட்முண்டில் ஒரு கம்பனியில் நிரல் எழுதுகிற வேலை. அவனுக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது, அவளுக்கு இல்லை. "முதல் நான் போய் ஒரு வீடு பாக்கிறன். உம்மடை பெர்மெஸ்ஸோ புதுசா வந்த உடனை நீர் வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்று நின்று அந்த வதிவிட அனுமதி அட்டையும் ஒரு நாள் வந்தது. அவள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினான். பிறகு வீடு கிடைப்பது கஷ்டம் என்றான். பிறகு வேலை கூட என்றான். பிறகு அவனாக எதுவும் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தன அவளுடைய நாட்கள். தொட்டால் தெரியும், வலிக்காது.

அவள் இருந்தது றொஜரின் தாய் சூசையம்மாவோடு. வியா நொத்தார்பர்த்தோலோ பக்கம் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணைப் பகலில் பார்த்துக்கொள்வது சூசையம்மாவின் வேலை. ஆனி மாதத்தில் ஒரு நாள் அவள் வேலையால் வந்து, செருப்பைக் கழற்ற முன்னமே போனை நீட்டினாள்.

"பிள்ளை, இஞ்சை வா. என்ரை போனிலை இது ரெண்டாய் நிக்குது. குட்டி போட்டிட்டுதோ?"

"எது மாமி?"

"உங்கடை கதையுங்கோதான். ஒண்டைத் தொட்டால் பன்னோலோனே இருக்கு, மற்றதைத் தொட்டால் இல்லை." பன்னோலோனே என்பது பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர், அமலினி அந்தச் சொல்லைப் புதிதாகச் சேர்த்திருந்தாள். "ஃபார்மசிக்காரனுக்கு முன்னாலை நிண்டு போனை மாறி மாறிக் குத்திறன். அவன் பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து தந்தவன்."

அமலினி போனை வாங்கிப் பார்த்தாள். ஒரே பெயர், ஒரே படம், இரண்டு செயலி. எங்கே பிழை வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது.

ஒரு செயலியை எழுதி முடித்தால் மட்டும் அது போனில் ஓடிவிடாது. எந்தெந்தத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும், எந்தக் குரல்பதிவுகளை உள்ளே வைக்க வேண்டும், செயலியின் அடையாளம் என்ன, எத்தனையாவது பதிப்பு என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். கணினி அதை வாசித்து எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும். அதற்கு பில்ட் கோப்பு என்று பெயர். ஒரு செயலிக்கு ஒன்று போதும். கதையுங்கோவுக்கு இரண்டு இருந்தன.

முதலாவது றொஜர் எழுதியது. பழைய முறை. ஒவ்வொரு குரல்பதிவின் பெயரையும் கையால் எழுத வேண்டும். அமலினி செயலி வேலையில் அவனோடு சேர்ந்தபோது அதைவிடச் சுலபமான முறை இருப்பது அவளுக்குத் தெரியும். திருத்தியிருக்கலாம். ஆனால் கோப்பின் முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கை வைப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கேட்பதென்றால் உங்களுடையது சரியில்லை என்று சொன்னதாகிவிடும். கலியாணம் கட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் அவனுடையதைத் தொடாமல் பக்கத்திலேயே தன்னுடையதை எழுதி வைத்தாள். அவன் அடுத்த நாள் பார்த்துவிட்டு "கெட்டிக்காரி" என்றான். தன்னுடையதை எடுத்தால் கோபித்துக்கொண்டு எடுத்ததாக அவள் நினைப்பாள் என்று அவன் அதை விட்டுவிட்டான். ஒரே அறையில், ஒரே மேசையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இதைக் கதைக்கவில்லை. அந்த நாட்களில், இரண்டு பேரும் ஓம் என்றால்தான் எதையும் அழிக்கலாம் என்று நிரல் கிடக்கிற திட்டப் பக்கத்தில் ஒரு பூட்டும் போட்டார்கள். அப்போது அது விளையாட்டு.

அவன் போன பிறகும் அவள் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தாள். தன்னுடையதில் ஒரு வரி மாற்றினால் அவனுடையதிலும் மாற்றுவாள். வசந்தத்தில் ஒரு தடவை, காய்ச்சலோடு வேலைக்குப் போய்வந்த நாளில், செயலியின் அடையாளத்தைத் தன்னுடையதில் மாற்றிவிட்டு அவனுடையதில் மாற்ற மறந்துபோனாள். அவளுடையதில் கட்டிய பொட்டலம் இணையத்தில் போனது. அனுசன் என்ற பெடியன் தன் பழைய மடிகணினியில் ஓடுகிறது என்பதற்காக றொஜரின் கோப்பில் கட்டி, கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வந்தான். போன்களுக்கு அவை இரண்டு வேறு செயலிகள். அதனால்தான் சூசையம்மாவிடம் இரண்டு; அனுசன் கடைசியாகக் கட்டியது பன்னோலோனே சேர முன்னம்.

அந்தக் கிழமையிலேயே திட்டத்தின் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முகத்துக்குப் பதிலாகப் பூனைப் படம். "நல்ல செயலி. இதில் ஏன் இரண்டு பில்ட் கோப்புகள்? முக்கால்வாசி வரிகள் ஒன்றாகவே இருக்கின்றன. நீங்கள் உண்மையில் பாவிப்பது எதை? மற்றதை நீக்கித் தர நான் தயார்."

அமலினி அதை வாசித்தாள். மறுமொழி எழுதப் பெட்டியைத் திறந்து, மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அனுசன் போன் எடுத்தான். கோடையில் அவனுக்கு மொண்டெல்லோ கடற்கரையில் குடை விரிக்கிற வேலை. பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"அக்கா, பூனைக்காரனுக்குப் பதில் போட்டாச்சோ?"

"இல்லை."

"நான் போடட்டோ? 'ஒண்டு அக்கான்ரை, மற்றது அத்தான்ரை. ஒரே வீட்டிலை ரெண்டு அடுப்பு' எண்டு?"

அவள் மேசையில் கிடந்த மடிகணினியை மூடினாள்.

"பகிடிக்குச் சொன்னனான். ஆனா அக்கா, சனம் என்னைப் போட்டுத் தின்னுது. பூசை முடிஞ்சு வெளியிலை வந்தால் ஆறு கிழவியள் போனை நீட்டிக்கொண்டு நிக்குதுகள். ஒண்டை அழியுங்கோவன்."

"அவரைக் கேக்கோணும்."

"றொஜர் அண்ணை அதைத் திரும்பிப் பாத்தே எவ்வளவு காலம்! அந்தப் பூட்டை நான் கழட்டி விடுறன். ஒராள் ஓம் எண்டாலே போதும் எண்டு மாத்தினால் அஞ்சு நிமிசத்திலை சரி."

"வேண்டாம். அது அவற்றை பேரிலை கிடக்கு."

"பேர் கிடந்தால்? சேமக்காலையிலை கல்லறையளிலையும்தான் பேர் கிடக்குது." சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. "சொறி அக்கா. வாய் தவறிப்போச்சு."

"பரவாயில்லை."

"கோவமோ?"

"இல்லையடா. உன்னை ஆரோ கூப்பிடினம், போ."

உண்மையிலேயே அவளுக்குக் கோபம் வரவில்லை. போனை வைத்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: றொஜர் அவளை டோர்ட்முண்டுக்குக் கூப்பிடுவானா, மாட்டானா. அதை நேராகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் கோப்பைப் பற்றிக் கேட்கலாம். "வையும், நான் பிறகு பாக்கிறன்" என்று ஒரு வரி எழுதினாலும் போதும், அவனுக்கு இங்கே இன்னும் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் எழுதாமல் ஓம் என்றானென்றால் அதுவும் ஒரு பதில்தான். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். ஒரு கிழமைக்கு முன்பு அவள் அனுப்பிய "சாப்பிட்டீங்களோ" இன்னும் பதில் இல்லாமல் போனில் கிடந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து தொடங்கினாள். இரண்டு கோப்புகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். ஒன்றாக இருந்தவற்றைக் கடந்தாள். வேறாக இருந்தவற்றில் நின்றாள். அவனுடையதில் பழைய போன்களுக்காகக் குரல்பதிவுகளைச் சுருக்குகிற ஒரு வரி இருந்தது, அவளுடையதில் இல்லை. சூசையம்மா போன்றவர்களின் போனில் இடம் குறைவு. அந்த வரியைத் தன்னுடையதற்குக் கொண்டுவந்தாள். அவன் பாவித்த, இப்போது யாரும் பாவிக்காத ஒரு கருவியின் பெயர் மூன்று இடத்தில் வந்தது. அதை விட்டாள். நடுவில் அவன் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: "இதிலே கை வைத்தால் எல்லாம் உடையும். அமலினியைக் கேட்கவும்." கணினி வாசிக்காத, மனிசருக்கு மட்டுமான வரி. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். எழுதும்போது அவன் சிரித்திருப்பான் என்று நினைத்தாள். அடுத்த வரிக்குப் போனாள்.

பிறகு இரண்டு கோப்புகளாலும் ஒவ்வொரு பொட்டலம் கட்டினாள். தன் போனில் ஒன்றை ஏற்றி எல்லாச் சொற்களையும் தொட்டுப் பார்த்தாள். எடுத்துவிட்டு மற்றதை ஏற்றித் தொட்டுப் பார்த்தாள். இத்தாலியச் சொற்கள் அவள் குரல், தமிழ்ச் சொற்கள் றொஜரின் குரல். ஸ்கோப்பா, விளக்குமாறு. லென்சுவோலோ, படுக்கை விரிப்பு. பன்னோலோனே மட்டும் இரண்டுமே அவளுடைய குரல். ஒரு வித்தியாசமும் இல்லை. அவனுடைய கோப்பு இனித் தேவையில்லை என்று காட்டியாகிவிட்டது.

புதன்கிழமை மதியம் அழிப்பதற்கான கோரிக்கையைத் திட்டத்தின் பக்கத்தில் எழுதினாள். என்ன நடந்தது, ஆட்களின் போனில் ஏன் இரண்டு வந்தன, எந்த வரியை எங்கே மாற்றினாள் என்று ஒழுங்காக எழுதினாள். பிறர் வாசிக்கிற இடம் என்பதால் மேலே எல்லாம் ஆங்கிலம். கடைசியில் மட்டும் தமிழ்: "இதை எடுக்கலாமோ எண்டு சொல்லுங்கோ. வைக்கச் சொன்னால் வைக்கிறன்." றொஜரின் பெயரை ஒப்புதல் தர வேண்டியவர் இடத்தில் போட்டு அனுப்பினாள். எழும்பிப் போய்க் கோப்பிச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

கோப்பி பொங்கி மேலே வர முன்னமே போன் அதிர்ந்தது.

பச்சை நிற அடையாளம். றொஜர் ஒப்புதல் கொடுத்துவிட்டான். கீழே நான்கு ஆங்கில எழுத்துகள். "எனக்குச் சரியாகப் படுகிறது" என்பதன் சுருக்கம். நிரல் எழுதுகிறவர்கள் யாரும் யாருக்கும் போடுவது. முகம் தெரியாத ஆட்களுக்கு அமலினியே அதைப் போட்டிருக்கிறாள். அவள் பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை.

அடுப்பை நிறுத்தினாள். அவன் இப்போது கணினிக்கு முன்னால்தான் இருக்கிறான். அவள் அவனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. கோப்பியை வார்த்துக்கொண்டு இருக்கும்போது அவனே திரும்பப் போன் எடுத்தான்.

"ஓம் அமலினி. மீட்டிங்கிலை இருந்தனான். என்ன?"

"ஒண்டுமில்லை. நீங்கள் ஓம் போட்டதைப் பாத்தன்."

"ஓம், அது நல்ல வேலை. எப்பவோ எறிஞ்சிருக்கோணும். அது இவ்வளவு நாளும் கிடந்ததே எனக்குத் தெரியாது."

"நான் மாத்திக்கொண்டு வந்தனான்."

"எதை?"

"உங்கடையை. என்ரையிலை மாத்தினதெல்லாத்தையும் உங்கடையிலையும்."

"ஏன்?"

"நீங்கள் திரும்பத் தொடங்கேக்கை பிழை வரக் கூடாது எண்டு."

அவனுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்து மூடியது. வெளியே வந்துவிட்டான் போல, காற்றுச் சத்தம் கேட்டது.

"அமலினி."

"சொல்லுங்கோ."

"நான் உமக்கு ஆறுதலா எழுதோணும் எண்டு இருந்தனான். போனிலை சொல்லுற விசயமில்லை."

"எழுத வேண்டாம். இப்ப சொல்லுங்கோ. என்னைக் கூப்பிடுவீங்களோ, இல்லையோ?"

தானே அதைக் கேட்டதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வேறு யாரோ பக்கத்து அறையில் கேட்டதுபோல இருந்தது.

"இல்லை," என்றான் அவன். "குறை நினையாதையும்."

"சரி."

"நீர் ஏதாவது சொல்லும். ஏசும்."

"கோப்பி ஆறுது. வைக்கிறன்."

கோப்பியைக் குடித்தாள். கதிரையில் உட்கார்ந்தாள். திரையில் கோரிக்கை அப்படியே காத்துக்கொண்டிருந்தது. அழியப் போகிற வரிகள் எல்லாம் சிவப்பாக, மேலிருந்து கீழே. முதல் வரியில் அவன் பெயர். அவள் பொத்தானை அழுத்தினாள். பக்கம் ஒருமுறை சுழன்று, முடிந்தது என்றது. கோப்புகளின் வரிசையில் பில்ட் கோப்பு ஒன்றுதான் இருந்தது. புதுப் பதிப்பைக் கட்டி அனுப்பினாள். பூனைப் படக்காரருக்கு, "இப்போது ஒன்றுதான். கேட்டதற்கு நன்றி" என்று எழுதினாள். அனுசனுக்கு, "இனி என்ரையிலை கட்டு. உன்ரை கொம்பியூட்டரிலை ஓடாட்டிச் சொல்லு, வந்து பாக்கிறன்" என்று எழுதினாள். அவன் கைகூப்புகிற படங்களை வரிசையாக அனுப்பினான்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே சிரோக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தது. பல்கனிக் கொடியில் கிடந்த உடுப்புகளில் மண் படிந்திருந்தது. எடுத்து மீண்டும் தோய்க்கப் போட்டாள்.

சூசையம்மா வந்தபோது அமலினி குசினியில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அவர் என்னைக் கூப்பிடமாட்டாராம்."

சூசையம்மா பையை மேசையில் வைத்தாள். "சொல்லிட்டானோ?" என்றாள்.

என்ன என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அமலினி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"பாஸ்குப் பெருநாளுக்கு எடுத்து எனக்குச் சொன்னவன்." சூசையம்மா கதிரையில் இருந்தாள். "அங்கை ஆரோ ஒருத்தியாம். நான் ஏசாத ஏச்சில்லை. அவளிட்டை நீயே சொல்லடா, என்ரை வாயாலை நான் சொல்லமாட்டன் எண்டன். இண்டைக்குச் சொல்லுவன், நாளைக்குச் சொல்லுவன் எண்டான். நீயும் கேக்கிறாயில்லை. நடுவிலை நான் என்னெண்டு வாயைத் திறக்கிறது?"

"ஓம்."

"என்ன ஓம்? என்னடி ஓம்? கத்து. இந்தா, அந்தச் சட்டியைத் தூக்கி எறி. என்னை ஏசு. உன்ரை மோன் ஒரு நாய் எண்டு சொல்லு, நானும் சேந்து சொல்லுறன்."

"வருகுதில்லை மாமி."

"அழவாவது அழு, பிள்ளை."

"அதுவும் வருகுதில்லை."

சூசையம்மாதான் அழுதாள். சேலைத் தலைப்பு இல்லாததால் வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தாள். அமலினி மீதிப் போஞ்சியை வெட்டி முடித்து அடுப்பில் போட்டாள்.

"ரெஜ்ஜோவுக்குப் போயிடுவியோ?" என்று கொஞ்ச நேரம் கழித்துச் சூசையம்மா கேட்டாள். "அம்மாவிட்டை?"

அமலினி யோசித்துப் பார்த்தாள். ரெஜ்ஜோவை நினைத்தாள், இந்த வீட்டை நினைத்தாள். இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

"தெரியேல்லை மாமி. நாளைக்கு மூண்டு அறை இருக்கு. அதை முடிச்சிட்டு யோசிப்பம்."

"போறதெண்டால் எனக்குச் சொல்லிட்டுப் போ. நான் மறிக்கமாட்டன். ஆனால் சொல்லு."

"சொல்லுறன்."

சோற்றைப் போட்டுக்கொண்டு இருவரும் மேசையில் இருந்தார்கள். முதல் வாயிலேயே சூசையம்மா நிறுத்தினாள்.

"பிள்ளை, கறிக்கு உப்பே போடேல்லை."

அமலினி அப்போது தன் தட்டில் பாதியைச் சாப்பிட்டு முடித்திருந்தாள். எழும்பிப் போய் உப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.